இடது ஸ்பீக்கர்

காலை டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸ் பெர்சிஸ், கணவன் ராஜசிங் எழுவதற்குள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுத உட்கார்ந்தாள்.

பட்டாசு கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பது அவன் வேலை. நண்பனிடமிருந்து வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொண்டுவந்து நேற்றுச் சாயங்காலம் மாட்டிப் பார்த்தவன், இடது ஸ்பீக்கர் பாடவில்லை என்றான். "ரெண்டும் நல்லாத்தானே பாடுது" என்றாள். "ஒனக்கு என்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தான். பாட்டை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். சில மாதங்களாகவே செல்போனை அவன் வலது காதுக்கே கொண்டுபோவதை அவள் கவனித்திருந்தாள்.

'இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. செட்டை இன்னைக்குத் திருப்பிக் குடுத்துராதீக. பாட்டைப் போட்டு, நாற்காலியைத் திருப்பி, செட்டுக்கு முதுகு காட்டி உக்காருங்க. இடது ஸ்பீக்கர் பாடி வலது நின்னுபோச்சுன்னா, கோளாறு செட்டுல இல்ல. வால்வு கொதிக்கும், தொட்டுப்புடாதீக.'

அதற்கு மேல் எழுத அவளுக்குக் கை வரவில்லை. வாசல் வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

'பதினோரு மணிக்கு எங்க ஆஸ்பத்திரியில காது டாக்டர்கிட்ட ஒங்க பேரைக் குடுத்து வைக்கிறேன். சாவியைப் பக்கத்து வீட்டுத் தேவமணி அக்காகிட்ட குடுங்க. கோவிச்சுக்கிடாம வாங்க.'

பத்து மணியிலிருந்தே அவள் பார்வை ஆஸ்பத்திரி வாசலில்தான் இருந்தது. பதினொன்றுக்குச் சற்று முன்னால் ராஜசிங் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பெர்சிஸ் ஓடிப்போய் அவனுக்கு இடப்பக்கம் அமர்ந்தாள்.

அவன் அவளைப் பார்க்காமலே சொன்னான்: "இந்தப் பக்கம் வந்து உக்காரு."