நீலக் குழாய்

ஜனவரி 19, திங்கள். அஜ்மான்.

காலையில் பரீட்சை. தூக்கக் கலக்கத்தில், வெந்நீருக்காக நீலக் குழாயைத் திறந்துவிட்டேன். படிக்க வந்த ஆகஸ்டில் பழகிய கை. கோடையில் மொட்டைமாடித் தொட்டியே கொதிப்பதால் நீலக் குழாயில்தான் சுடும். இன்றைக்கோ ஐஸ் தண்ணீர் தலையில் கொட்டியது. என் அலறல் கேட்டு அண்ணன் ஓடிவந்து கதவைத் தட்டினான்.

"ஏட்டி, என்னாச்சு?"

"தண்ணி ஐஸா இருக்குண்ணே. நீ தெனமும் இதுலயா குளிக்க?"

"எனக்குப் பச்சத் தண்ணிதான் பிடிக்கும். நீ செவப்புக் குழாயத் தொற."

பரீட்சையில் உட்கார்ந்திருந்தபோதும் மண்டையில் இதுதான் ஓடியது. எங்கள் கீஸரில் ஒருவர் குளிக்கத்தான் வெந்நீர் இருக்கும். அவன் சைட்டுக்கும் நான் காலேஜுக்கும் ஒரே நேரத்தில் கிளம்புகிறோம். மறுபடி சுட வைக்க நேரமிருக்காது. இத்தனை நாளும் முதலில் குளிப்பவன் அவன்தான்; ஆனாலும் எனக்கு ஒருநாளும் வெந்நீர் இல்லாமல் போனதில்லை.

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தான். "நான் குளிச்சாச்சு, கீஸரத் தெரியாமப் போட்டுட்டேன், வெந்நி வீணாப் போவுது" என்று பொய் சொன்னேன். முனகிக்கொண்டே உள்ளே போனான்.

பச்சைத் தண்ணீர்தான் பிடிக்கும் என்றவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. பாட்டு வேறு.