மேல் டிரைவ் மெதுவானது எப்படி

அன்பு வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். அலுவலகக் கணினியும் போன வாரத்திலிருந்து சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன், பதினாறு நாளாக உன் குரல் வராததால் நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நான் முதலில் சொல்வது எப்போதும் தப்பாகப் போகிறது, எழுதினால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். நீ வரிகளுக்கு நடுவே தேட வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியைக் கெடுத்தது நீ இல்லை. நான். எப்படி என்பதுதான் மீதிக் கடிதம்.

அதற்கு முன் வீட்டு விஷயம். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படியை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறுகிறார், பதினான்கு வந்ததும் பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நிற்கிறார். உன் அறை ஜன்னலின் கொக்கி கழன்று காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது, தச்சர் வந்து மாற்றிக் கொடுத்தார். யார் ரூம் இது என்று கேட்டார். அப்பா, எங்க பொண்ணு ரூம், இப்ப கோவத்துல இருக்கா, அதான் கதவ மெதுவா சாத்துங்க என்றாராம். ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவளுக்காகக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார் அந்த மனிதர்.

இனி கணினி. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே பிடிபடுகிறது. பார்வையில்லாதவர்களுக்கான எங்கள் ஒலி நூலகத்தில் என் வேலை பத்தொன்பது வருடமாக ஒன்றுதான். ஒருவர் புத்தகத்தை வாசிப்பார், அது மூல சிடியாகும், அதை நான் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்புவேன், கேட்டு முடித்ததும் பிரதி திரும்பி வரும். கணினிப் பெட்டியில் சிடி போட இரண்டு டிரைவ். மேலே மூலம், கீழே வெற்று சிடி. ஆறு நிமிடத்தில் ஒரு பிரதி. அந்த ஆறு நிமிடத்தில் முந்தின பிரதிக்கு பிரெய்ல் ஸ்டிக்கர் ஒட்டி உறையில் போடலாம், கை பழகிவிட்டது. மூலத்துக்கு மட்டும் ஸ்டிக்கர் கிடையாது. தொட்டால் வழவழப்பாக இருக்க வேண்டும். விரலில் புள்ளி பட்டால் அது வெளியே போகலாம், படாவிட்டால் அலமாரிக்குள். எங்கள் நிர்வாகிக்கும் பார்வை கிடையாது என்பதால் அவரே வைத்த விதி இது. அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அங்கிருந்தபடியே இணையம் வழியாகக் கணினிக்குள்ளே வந்து அப்டேட் போட்டாய். பழசையே வச்சிருந்தா ஒருநாள் மொத்தமா போயிடும்மா என்று நீ ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த அப்டேட். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் சுட்டி தானாக நகர்ந்தது. நீதான் என்று தெரியும்.

திங்கட்கிழமை காலை சட்டப் புத்தகத்தைப் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. சாட்சியச் சட்டம், பன்னிரண்டு சிடி, பத்து மாணவர்களுக்கு. அலமாரியில் ஏழாம் எண் இருக்க வேண்டிய இடம் காலி. திரும்பி வந்த பிரதிகளின் குவியலில் அது கிடந்தது, மூலம்தான், ஆனால் மேலே என் கையால் ஒட்டிய ஸ்டிக்கர். எப்போதோ பேச்சுவாக்கில் ஒட்டியிருக்கிறேன். புள்ளி இருந்ததால் வெளியே போய்விட்டது, யாரோ மேசையில் கவிழ்த்து வைத்துக் கேட்டிருக்கிறார்கள், குறுக்கே மூன்று கீறல். ஸ்டிக்கரைப் பிய்த்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவினேன், என் கைக்குட்டையால் துடைத்தேன், மேல் டிரைவில் போட்டேன். சுற்றியது, இரைந்தது, நின்றது. மறுபடி போட்டேன். பதினொரு தடவை. யாரிடமும் சொல்லவில்லை. எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு ஒன்றாம் எண்ணைப் பிரதி எடுக்க ஆரம்பித்தேன். ஆறு நிமிடம் தாண்டியது. இருபது. நாற்பது. ஐம்பதாவது நிமிடத்தில் முடிந்தது. இடையில் சுட்டியும் தத்தித் தத்தி நடந்தது.

அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன். நிர்வாகியும் இருந்தார், எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினேன். நல்லா ஓடிக்கிட்டிருந்ததத் தொட்டுக் கெடுத்துட்ட, அங்க உட்கார்ந்துக்கிட்டு உனக்கு இங்க நடக்கிறது என்னடி தெரியும் என்றேன். நீ, சரிம்மா என்றாய். வைத்துவிட்டாய். நீ சண்டை போட்டிருக்கலாம். அன்று சாயங்காலமே நீ உள்ளே வர முடியாதபடி கடவுச்சொல்லை மாற்றினேன். கோளாறுப் பதிவேட்டிலும் எழுதினேன். நாள், கோளாறு, காரணம், தீர்வு என்று நான்கு கட்டம். காரணம் என்ற கட்டத்தில், என் மகள் போட்ட அப்டேட். பதிவேட்டை நிர்வாகிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவது வழக்கம். அதையும் படித்தேன், குரல் தடுமாறவில்லை.

அடுத்த ஏழு நாள் நான் செய்யாதது இல்லை. லென்ஸைத் துடைத்தேன். வேறு கம்பெனி சிடி வாங்கிப் பார்த்தேன். வைரஸ் காவலை நிறுத்தி வைத்தேன். எழுதிய பின் சரிபார்க்கும் வேலையை வேண்டாம் என்றேன். எழுதும் வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன், இரண்டுக்கும் அதே ஐம்பது. பழுது பார்க்கிறவர் வந்து திரையைப் பார்த்தபடியே, அப்டேட்தான்க்கா, வேற என்ன என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. நூற்றிருபது பிரதி, ஒன்றுக்கு ஐம்பது நிமிடம், நூறு மணி நேரம். பரீட்சைக்கு இருந்தது பதினெட்டு நாள், அதில் தபாலுக்கு நான்கு. அதோடு ஏழாம் எண் இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் புத்தகம் முழுசாகாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

காத்திருந்த பத்துப் பேரில் ஒருத்தி தினமும் போன் செய்வாள். வக்கீலம்மா என்றுதான் நாங்கள் அழைப்பது, உன்னைவிட மூன்று நான்கு வயது சின்னவளாக இருப்பாள். போன தடவை இந்த ஒரு பாடத்தில்தான் தேறவில்லை, இந்தத் தடவையும் போனால் உதவித்தொகை நின்றுவிடும், படிப்பும் அதோடு சரி. அவள் அதைச் சொல்லி அழுகிற ஆள் இல்லை. மேடம், புஸ்தகம் என் பரீட்சைக்கு வருமா, இல்ல நான் ஜட்ஜாகி ரிடையர் ஆகும்போது வருமா என்பாள். எட்டாம் நாள் அவளிடம், என் பொண்ணு ஏதோ அப்டேட் போட்டுட்டா, அதுல இருந்து இப்படி என்றேன். பிறகு குறுக்கு விசாரணை ஆரம்பித்தது. பிரதி எடுக்க வேணாம் மேடம், ஒரு சிடிய மேல போட்டு கம்ப்யூட்டருக்குள்ள மட்டும் இறக்குங்க, எவ்வளவு நேரம்னு பாருங்க, அப்புறம் அதே சிடிய கீழ போட்டு இறக்குங்க, நான் மறுபடி கூப்பிடுறேன் என்றாள். மேலே நாற்பத்தாறு நிமிடம். கீழே நான்கு. சொன்னேன். அப்டேட் ரெண்டுக்கும் பொதுதானே மேடம், ஒண்ணு மட்டும் ஏன் நொண்டுது, மேல இருக்கிறது சமீபத்துல எதையாவது ரொம்பக் கஷ்டப்பட்டுப் படிச்சுதா என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. சாட்சி மௌனமா இருக்காங்க, குறிச்சுக்கிறேன் என்றாள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, அதோடு மற்றதும் வந்துவிட்டது. இழுப்பறை, கீறல், பதினொரு தடவை. அவள் கேட்டுக்கொண்டாள். அவளுடைய கணினி திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வகை, எதையும் தேடிக் கேட்டுவிடுவாள். அவள் தெரிந்துகொண்டு சொன்னது இது. படிக்க முடியாத சிடியோடு ஒரு டிரைவ் ஆறு தடவை தடுமாறினால், இந்த மாதிரிப் பழைய கணினிகள் அந்த டிரைவை நம்புவதை நிறுத்திவிடும், தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல சிடியைப் போட்டாலும் அதே மெதுவான நடைதான். தானாகத் திரும்பி வராது. கம்ப்யூட்டர் வச்சிருக்கிற லிஸ்ட்ல இருந்து அந்த டிரைவ எடுத்துடுங்க மேடம், அணைச்சுட்டுப் போடுங்க, யாரோ புதுசா வந்திருக்காங்கன்னு நினைச்சு மறுபடி முழு வேகத்துல சேர்த்துக்கும் என்றாள். செய்தேன். ஐந்தே முக்கால் நிமிடம். உன் அப்டேட் வந்த பிறகு கால் நிமிடம் குறைந்துதான் இருக்கிறது.

ஆறு தடவை என்பதை அன்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். உன்னிடம் நான் எத்தனை தடவை இப்படிப் பேசியிருப்பேன் என்று எண்ண ஆரம்பித்தேன். நிறுத்தம் வந்ததும் இறங்கிவிட்டேன்.

ஏழாம் எண்ணை மறுபடி வாசிக்க வேண்டியிருந்தது. வாசிக்கிற அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு நாள் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். நடுவில் தண்ணீர் குடிக்கப் போகும்போது, ஐந்தாம் பிரிவு இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும், தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று அதே பழைய குரலில் சொல்லிவிட்டுப் போனார். ஏன் மறுபடி வாசிக்கிறோம் என்று அவர் கேட்கவில்லை. நிர்வாகியிடம், ஏழு பழுதாகியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பழுதாகியிருக்கிறது. யார் செய்தது என்று இல்லாத வாக்கியம். அவரும் விட்டுவிட்டார். பத்துப் பேருக்கும் தபால் போனது. கோளாறு தீர்ந்தது, பதிவேட்டில் தீர்வு என்ற கட்டத்தையும் நிரப்பினேன், காரணம் என்ற கட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

நேற்று வக்கீலம்மா கூப்பிட்டாள். வந்துவிட்டதாம், பரீட்சைக்கு இரண்டு நாள் மிச்சம் வைத்து. ஏழாவதுல மட்டும் அக்காவுக்கு ஜலதோஷம் போல, புதுசா படிச்சதுதானே என்றாள். ஆமாம் என்றேன். பிறகு, அதெல்லாம் சரி மேடம், உண்மையான ஆள் கிடைச்சாச்சு, உள்ள போட்டு வச்சிருக்கிறவங்கள விடுதலை பண்ணியாச்சா என்றாள். அது நீ.

போனை வைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்தேன். அந்த வரியை அடித்தேன், கீழே படிக்க முடிகிற மாதிரிதான் அடித்தேன், அதுதான் முறை. பக்கத்தில் எழுதினேன். மூல சிடிக்கு நான் ஸ்டிக்கர் ஒட்டினேன், கீறிய சிடியை மறைத்துப் பதினொரு முறை ஓட்டினேன், டிரைவ் மெதுவானது அதனால், அப்டேட்டால் அல்ல. எடுத்துக்கொண்டு போய் நிர்வாகியிடம் படித்தேன். முடித்ததும், திருப்பிப் படிங்க என்றார். படித்தேன். குரல் இந்த முறை அவ்வளவு ஒழுங்காக வரவில்லை. அவர் மேசைக்கு மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். எனக்குப் புரிய சிறிது நேரம் ஆனது. அலமாரிச் சாவியைக் கழற்றி அதில் வைத்தேன். இனி மூலம் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். வேலை இருக்கிறது, அறைச் சாவி இருக்கிறது. வருத்தம் என்று சொல்ல முடியவில்லை, சாவிக்கொத்து இலேசாகிவிட்டதால் கைப்பையில் சாவியைத் தேட நேரமாகிறது, அவ்வளவுதான். அப்பாவிடம் சொன்னேன். அப்ப அவகிட்ட நீதான் சொல்லணும், நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்றார். தபால்தலை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

நீ கழுத்து வலிக்கிறது என்று முன்பு சொன்னது ஞாபகம் இருக்கிறது, திரையை உயர்த்தி வை, நாற்காலியை இல்லை. சாப்பாட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்யாதே. உன் வீட்டுக்காரருக்கும் என் அன்பைச் சொல். இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் குரலை உயர்த்தாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். இரண்டாவதை என்னிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம்.

ஒரு நினைவூட்டல். கடவுச்சொல்லை மறுபடி பழையதாகவே மாற்றிவிட்டேன். உனக்குத் தெரிந்த அதே சொல், கடைசியில் உன் பிறந்த தேதி. இந்தக் கடிதம் கிடைக்கப் பத்து நாளாவது ஆகும். அதற்கு அடுத்து வரும் ஞாயிறு இங்கே காலை பதினொரு மணிக்கு அலுவலகத்தைத் திறந்து கணினியைப் போட்டு வைத்திருப்பேன். அந்த ஞாயிறு முடியாவிட்டால் அதற்கடுத்த ஞாயிறும். போன் செய்ய வேண்டும் என்றில்லை. நான் எதையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், சுட்டி தானாக நகர்ந்தால் நீ என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா