சேகரின் சட்டைப் பையிலிருந்த அட்டை

நேற்று சேகர் தன் சட்டைப் பையிலிருந்து உங்கள் அட்டையை எடுத்து என் மேசைமேல் வைத்தான், அண்ணே. பார்சல் டேப்பை இருபுறமும் ஒட்டி நீங்கள் செய்து கொடுத்தது. ஓரங்கள் பழுத்து, பினாயில் வாடை அடித்தது. உங்களிடம் சொல்லாமல் விட்ட என் தவறு ஒன்று உடனே நினைவுக்கு வந்தது.

வளைகுடாவில், அஜ்மானில் என் அறைக்கு நீங்கள் அவனை அழைத்து வந்தீர்கள். வழக்கில் சிக்கிய, அறிவு வளர்ச்சி குறைந்த பெரியவர்களைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. சிறைக்கு வெளியே அவர்கள் வாழ முடியுமானால் அதற்குத் துணை நிற்பதும்தான். சேகருக்கு முப்பத்திரண்டு வயது, கிழமைகூடப் பிடிபடாது. துப்புரவு வேலைக்கு எடுக்குமுன் அவனுடைய ரத்தத்தையும் நுரையீரலையும் பார்த்தவர்கள் வேறொன்றும் பார்க்கவில்லை. கிளிக்கூண்டைப் பார்க்க ஒரு வீட்டு முற்றத்துக்குள் நுழைந்திருக்கிறான். அன்று அங்கே ஒரு செல்போன் காணாமல் போனது. "நீ எடுத்தாயா?" என்று கேட்டவர்களிடம் "அச்சா" என்று தலையாட்டியிருக்கிறான்.

நீங்கள் அவனுடைய கேம்ப் பாஸ், தொழிலாளர் குடியிருப்பின் மேற்பார்வையாளர். இடுப்பில் சாவிக்கொத்துடன் கதவோரம் நின்றீர்கள்.

"உட்காருங்கள்."

"இருக்கட்டும் டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லை. சைக்காலஜிஸ்ட்."

"சரிங்க டாக்டரம்மா."

'நான் கேட்பது புரிகிறதா?' என்ற முதல் கேள்விக்கு அவன் ஆமாம் என்றதும், 'கேள்விகளைப் புரிந்துகொள்கிறார்' என்று எழுதிவிட்டேன். அதுதான் அந்தத் தவறு. இரண்டு மணி நேரம் பார்த்திருந்துவிட்டு, "ஒண்ணு கேக்கவா?" என்று அவன் பக்கம் திரும்பினீர்கள்.

"டேய், நம்மள ஏத்திட்டு வந்த ப்ளேன ஓட்டுனது நீதான?"

"ஆமாண்ணே."

"நடுக்கடல்ல நிப்பாட்டி டீ குடிச்சியே?"

"ஆமாண்ணே."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"கேம்புல பேனாவோட வந்து யாரு எதக் கேட்டாலும் அச்சாதான் டாக்டரம்மா. இல்லேன்னா வேலை போயிரும்னு பயம். நம்ம பயலுக எல்லாத்துக்கும் அந்தப் பழக்கம் உண்டு. இவனுக்கு அது மட்டுந்தான் தெரியும்."

எழுதியதைக் கிழித்துவிட்டு, அந்த இரண்டு பதில்களையும் அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதினேன். அதைப் படித்தவர்கள், விசாரணை முடியும்வரை அவன் வெளியே இருக்கலாம் என்றார்கள். கேம்பில் அவன் கட்டில், திங்கட்கிழமை என் அறை, பொறுப்பாளி நீங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் டீக்கடையில் அவனுக்கு 'இல்லை' சொல்லப் பழக்கினீர்கள். "நான் உன் பொண்டாட்டியாடா?" முதல் நாள் ஆமாம் என்றான், கடையே சிரித்தது. ஒவ்வொரு "இல்ல"வுக்கும், ஒவ்வொரு "புரியல"வுக்கும் ஒரு சமோசா. மனப்பாடம் செய்வது புரிதல் ஆகாது என்றேன் நான். "முதல்ல வாயில வரட்டும். மனசுக்கு அப்புறம் எறங்கும்" என்றீர்கள். வாயில் வராத நாளுக்காக, 'புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்று மூன்று மொழிகளில் எழுதிய இந்த அட்டையையும் கொடுத்தீர்கள்.

இறுதி விசாரணையில் அதிகாரி நீளமாக ஏதோ கேட்டார். சேகர் அட்டையை நீட்டினான். அவர் படித்தார், கேள்வியைச் சுருக்கினார். "போனை எடுத்தாயா?" "இல்ல." வழக்கு அத்தோடு நின்றது. வெளியே நீங்கள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "கலாஸ், முடிஞ்சிருச்சு" என்றீர்கள்.

போன வாரம் கேம்ப் வாசலிலேயே உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. உடல் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று, சேகரிடம் சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

"அண்ணன் இறந்துட்டார், சேகர். இனிமே வரமாட்டார். புரியுதா?"

இத்தனைக்குப் பிறகும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். பழைய சேகராக இருந்தால் ஆமாம் என்றிருப்பான். என் வேலையும் முடிந்திருக்கும். அவன் அட்டையை எடுத்து வைத்தான். மறுபடி சொன்னேன். அட்டையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினான். மூன்றாம் முறை சொல்ல அதைவிடச் சின்னச் சொற்கள் என்னிடம் இல்லை.

"எனக்கும் புரியல சேகர்" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான்.

"அப்ப நீங்க வச்சுக்கங்க. எனக்குத்தான் வாயிலயே வருதுல்ல."

அட்டை இப்போது என் கைப்பையில் இருக்கிறது, அண்ணே.