மூன்று மாதப் படிப்பு

செவ்வாய்க்கிழமை

மனசு ஆறவே இல்லை. என் மனைவி மகேஸ்வரியை இன்று மதுரையில் வலிப்பு நோய்க்கென்றே படித்த ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

"காலையில எந்திரிச்சதும் கை வெட்டி வெட்டி இழுக்குமா? கையில இருக்கறது கீழ விழுமா?" என்று கேட்டார்.

விழும். டம்ளரைக் கீழே போடுகிறாள் என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! இரண்டு வருடமாகப் போடியில் ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரை அந்த வெட்டி இழுப்பதை அதிகமாக்குமாம். வேறு மாத்திரை எழுதினார்.

"நீங்க எம்புட்டு படிச்சீங்கம்மா?" என்றேன். அவர் கோபப்படவில்லை. டாக்டர் படிப்புக்கு மேல் பொது மருத்துவம் மூன்று வருடம், நரம்பு மூன்று வருடம், பிறகு வலிப்புக்கு மட்டும் ஒரு வருடமாம்.

ஊர் திரும்பியதும் அந்தப் போடி டாக்டரிடம் போனேன். வாசலில் 'வலிப்பு சிறப்பு நிபுணர்' என்று போர்டு. அதே கேள்வியைக் கேட்டேன்.

"ஜீப்பு ஓட்டுறவன் எங்கிட்ட சர்ட்டிபிகேட் கேக்குறியா?"

"மலைக்கு ஆள் ஏத்துற எனக்கே லைசென்ஸ் கேக்குறாங்க. நீங்க காட்டுங்க."

காட்டினார். வலிப்புக்கென்று அவர் படித்தது தபாலில் மூன்று மாதம்! இவர் மாத்திரையில் வலிப்பு நிற்காததால்தான் ஏலக்காய்த் தோட்டத்தில் மகேஸ்வரியை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்து, புகார் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று கத்தினேன்.

"எழுதுங்க. ஆனா இத ரெண்டு வருசம் முன்னாடியே அவருகிட்டக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள் மகேஸ்வரி.

இரண்டு வருடம் முன்பு போர்டைப் பார்த்தேன், கும்பிட்டேன், உட்கார்ந்தேன். கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.