கவ்வாத்து வெட்டிய ஆவாரை

மார்கழி 18, திங்கள். தூறல்.

என் ஆவாரைச் செடியை இன்று காலை சம்பந்தி வெட்டிவிட்டார். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதுபோல், முழங்கால் உயரத்தில், தட்டையாக. மொட்டெல்லாம் மண்ணில். போகியன்று வாசலில் காப்புக் கட்ட என் வீட்டுப் பூ இல்லை.

முதல் பூவாக இருந்திருக்கும். விதை ஊரிலிருந்து மடியில் முடிந்து வந்தது. மழை ஓயாத இலங்கைப் பதுளையில் இந்தச் செடிக்கு எமன் தண்ணீர். யாரும் சொல்லித்தரவில்லை, இரண்டு செடி அழுகிய பிறகு நானே கற்றது. சரளையும் ஆற்றுமணலும் கொட்டி மேடு, மேலே தகரக் கூரை. மூன்று மழைக்காலம். பஜாரே சிரித்தது. "ஊர்ல பொறம்போக்குல கெடக்குற செடிக்கு மொதலாளி குடை புடிக்கிறாரு!" சிரிக்கட்டும்.

சம்பந்தி பூனாகலைத் தோட்டத்தில் கவ்வாத்துக் கங்காணி. பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள் வள்ளியைப் பார்க்க நேற்று வந்தவர். விடியுமுன் எழுந்து, சும்மா இருக்க முடியாமல் இந்த வேலை.

"கெளை கன்னாபின்னான்னு போயிருச்சு சம்பந்தி. தலையத் தட்டிவிட்டேன். மொசுமொசுன்னு துளுத்துரும் பாருங்க."

நன்றிக்காக நின்றார். "காப்பி குடிங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? பிள்ளை பெற்று வள்ளி திரும்பிப் போவது அவர் வீட்டுக்கு.

மார்கழி 19. மழை விட்டுவிட்டு.

சம்பந்தி புறப்பட்டார். வாசல்வரை போனேன். முகம் பார்க்கவில்லை.

கடையில் கருவாட்டு மூட்டை ஈரம். மேல்தட்டுக்கு மாற்ற வேண்டும்.

மத்தியானம் பார்த்தால், செடியின் அடியில் அரிசி கழுவிய தண்ணீர். என் வீட்டுக்காரி ஊற்றியது.

"வெட்டுப்பட்ட செடி, பாவம், தாகமா இருக்கும்ல?"

"அதுக்குத் தாகமே கெடையாதுடி!"

"ஒங்களாட்டந்தான். யாரு நல்லது செஞ்சாலும் ஆகாது."

நனைந்த மணலை அள்ளிவிட்டுக் காய்ந்த மணல் போட்டேன். முதுகு வலி.

மார்கழி 22, வெள்ளி. மழை, மழை.

வள்ளி: "அப்பா, தோட்டத்துக்குப் போற வண்டிக்காரருகிட்ட மாமாவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன்."

"என்னன்னு?"

"நீங்க செடிக்குத் துக்கம் காக்குறீங்க, ரசச் சோத்தத் தவிர ஒண்ணும் எறங்கலைன்னு."

சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை அங்கே குற்றமாக எடுத்துக்கொண்டு நாளை அவளை ஒரு வார்த்தை சொன்னால்? அன்று நான் வாயை அடக்கிக்கொண்டது எதற்கு?

மார்கழி 26. மூடுபனி.

துளிர் இல்லை. தண்டை நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை. இவளிடம் சொல்லவில்லை, மறுபடி ஊற்றுவாள்.

சம்பந்தியிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

மார்கழி 29, போகி. வெயில்! அதிசயம்.

அம்பாந்தோட்டை உப்பு வண்டி வந்தது. மூட்டைகளுக்கு மேல் ஈரச்சாக்கில் சுற்றிய இரண்டு கட்டு. பிரித்தால் ஆவாரம்பூ.

வண்டிக்காரர்: "பூனாகலைக் கங்காணி மலையிலருந்து நடந்தே எறங்கி வந்தாருங்க. வெல்லவாயாவுக்குக் கீழ காஞ்ச காட்டுல இது புதரா கெடக்கு. அவரே வெட்டிக் கட்டுனாரு. 'சம்பந்தி கோவத்துக்கு ஒரு கட்டு பத்தாது'ன்னு ரெண்டாக் குடுத்தாரு."

அதே கத்தியால்தான் வெட்டியிருப்பார்.

பூ பாதி வாடல். என் செடிப் பூ அல்ல. சொன்னேன். வள்ளி அதையே வேப்பிலை, சிறுபீளையோடு சேர்த்துக் கட்டி, நிலைக்கு மேலே செருக முக்காலியில் கால் வைத்தாள். அந்த வயிற்றோடு! பிடுங்கி நானே ஏறிச் செருகினேன். அவள் விழுந்துவிடுவாள் என்றுதான்.

மிஞ்சியதில் ஒரு கொத்தை, வெட்டுப்பட்ட செடியின் பக்கத்தில் குச்சி நட்டு அதில் கட்டினேன். வயலுக்கும் கிணற்றுக்கும் காப்பு உண்டென்றால் இதற்கும் வேண்டும்.

இனி:

தகரத்தைச் சாய்த்துப் போடுவது, மேட்டைச் சுற்றி வாய்க்கால் - நான்.

அரிசி கழுவிய தண்ணீர் வாழைக்கு மட்டும் - இவள்.

அடுத்த நடையில் காய்ந்த ஆவார நெற்று ஒரு கை - உப்பு வண்டிக்காரர்.

முக்காலி ஏறாமல் இருப்பது - வள்ளி.

பிள்ளை பிறந்ததும் முதல் ஆளாக வருவது - சம்பந்தி. கத்தி பூனாகலையிலேயே இருக்கட்டும்.