முன்னே கட்டியிருந்தவர்

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர மற்றபடி நான் நன்றாகவே இருக்கிறேன், அது உன் அப்பா காலத்திலிருந்தே தனிக்கட்சி. நீ, மருமகள், குட்டி மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். குட்டிக்கு இருமல் நின்றதா, வெந்நீர் கொடுக்கிறீர்களா? போனில் கேட்டால் வண்டி ஓட்டிக்கொண்டே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்து நிரந்தரமாக இருந்துவிடு என்கிறாய். அன்பினால்தான் சொல்கிறாய், தெரியும். ஆனால் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே புரோக்கரைப் பிடித்து, மாடி வீட்டுக்காரியிடம் சாவி வாங்கிக்கொள்ளச் சொல்லி, பீரோவும் தையல் மெஷினும் யாருக்குப் போகப்போகிறது என்பதுவரை பேசி முடித்துவிட்டாய் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் கடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படி.

பழைய வாட்ச் கடையில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த உன் அம்மாவுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. சிரிக்காதே. எங்கள் கடையில் வாங்கும் வாட்ச்சை உடனே கண்ணாடி அலமாரியில் வைக்க மாட்டார்கள். மேசைமேல் ஒழுங்காக ஓடுகிற வாட்ச் கையில் கட்டினால் வேறு மாதிரி ஓடும், உடம்புச் சூடு, கை அசைவு எல்லாம் இருக்கிறதே. அதனால் யாராவது ஒருத்தர் அதைக் கட்டிக்கொண்டு சமைத்து, துவைத்து, பஸ்ஸில் தொங்கி, நாலைந்து நாள் புழங்கிப் பார்த்து, பிறகுதான் விற்பனைக்கு. கையில் ஓட்டிப் பார்ப்பது என்று பெயர். முன்பு செய்துகொண்டிருந்தவர் வேலையை விட்டதும் முதலாளி என் கையைப் பார்த்து, அம்மா உங்க கை சின்னதா இருக்கு, விசேஷத்துக்குக் கட்டற மெல்லிசு டிரஸ் வாட்ச்சுக்குப் பொருத்தமா இருக்கும் என்று என் தலையில் கட்டிவிட்டார். அதிலிருந்து பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள். மாடி வீட்டுக்காரி ஒரு நாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, யாரு வாங்கிக் குடுத்தது, எங்ககிட்ட சொல்லக்கூடாதா என்று கண்ணடித்தாள். அவள் வாய்க்குப் பூட்டுப் போட முடியுமா?

இந்த முறை வந்தது ஒரு தங்க வாட்ச், இறந்துபோன ஒருவருடையது, மகன் கொண்டுவந்து விற்றார் என்றார் முதலாளி. ஐம்பது அறுபது வருஷத்துப் பழசு, அவ்வளவு மெல்லிசு, சட்டைக் கைக்குள் போனால் இருக்கிற இடமே தெரியாது. வெள்ளையாக இருந்த டயல் பாலேடு நிறத்துக்கு வந்திருந்தது. தேதி கிடையாது, நொடி முள் கிடையாது, சாவி கொடுத்தால் ஓடும், அவ்வளவுதான். எதற்காக இதற்கு இவ்வளவு அடித்துக்கொள்கிறார்கள் என்று நான் முன்பெல்லாம் முதலாளியைக் கேட்டுக் கிண்டல் செய்வேன். இதைக் கட்டின அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்தது. விளிம்பெல்லாம் யாரோ ஒருவர் கட்டிக் கட்டி மழுங்கியிருக்கிறது, தொட்டால் உறுத்தல் என்பதே இல்லை. புது வாட்ச் நம் கைக்குப் பழக நாளாகும், இது ஏற்கெனவே ஒரு கைக்குப் பழகினது. அந்தச் சுகம் எனக்கும் பிடித்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பழக்கம் என்னுடையது இல்லையே என்ற நினைப்பும் கூடவே ஒட்டிக்கொண்டது.

வார் பழையதே இருக்கட்டும், வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள் என்று முதலாளி மாற்றவிடவில்லை. அதில் ஒரு துளை இழுபட்டு நீண்டிருந்தது, நல்ல கனத்த கைக்காரர் பல வருஷம் போட்டது. அதற்கு வெகு தூரம் தள்ளி, கம்பெனித் துளை இல்லை, யாரோ ஆணியால் குத்தினது, கோணலாக ஒன்று இருந்தது. அந்த மனிதர் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அந்தக் கோணல் துளைதான் என் கைக்குச் சரியாக இருந்தது. சொன்னால் நம்புவாயோ என்னவோ, மறுநாளே மணி பார்க்க என் கை உள்பக்கமாகத் திரும்பியது, நான் எந்தக் காலத்திலும் அப்படிப் பார்த்தவள் இல்லை. வார் அப்படித்தான் வளைந்திருக்கிறது, முன்னே கட்டியிருந்தவர் முகத்தை உள்பக்கம் வைத்துக் கட்டியவர். இன்னொன்று, பாத்திரம் தேய்க்கக் கழற்றி மேசையில் வைத்தால் நின்றுவிடும், திரும்பக் கட்டினால் தானாக ஓடும். பழுது பார்ப்பவரை நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம், அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே எண்ணெய் காஞ்சிருக்கும்மா, படுக்க வெச்சா நிக்கும், எல்லாம் ஓட்டிப் பாத்தப்புறம் சரி பண்ணிடலாம் என்றார். காரணம் தெரிந்துவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. உன் அப்பா போனபோதுகூட இந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம் வந்ததில்லை. இப்போது கழற்றி வைத்துவிட்டு முதுகைத் திருப்பினால், அறையில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

அதற்கு மேல்தான் அந்த மனிதரைப் பார்த்தேன். கடைக்கு எதிரே மருந்துக்கடை வாசலில், சாயங்காலம். ஒல்லியாக, கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை, பெரிய உடம்புக்குத் தைத்தது. கடையைப் பார்க்கவில்லை, கண்ணாடி வழியாக என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாளும் வந்தார். டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் நடுவில் ஒரு பஸ் வந்து போனது, ஆளைக் காணோம். டாக்டர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. ஒரு நாள் வேண்டுமென்றே வாட்ச்சை இழுப்பறையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் என் கையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், திரும்ப என் கையைப் பார்த்தார், பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி. முதலாளியிடம் போய் இந்த வாட்ச் எனக்கு வேண்டாம், வேறு கொடுங்கள் என்றேன். பேய் வாட்ச்னு சொன்னா இன்னும் கூடவே விலை சொல்லலாமேம்மா என்று சிரிக்கிறார். அவருக்கு என்ன, கட்டியிருப்பது நான்.

போன வாரம் நல்ல மழை. முதலாளி வெளியே போயிருந்தார், டாக்டர் உள்ளே. கதவு திறந்து அந்த மனிதரே வந்துவிட்டார். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் தரையெல்லாம் சேற்றுச் செருப்புத் தடம், ஆவிக்கு ஏது ஈரச் செருப்பு? குடையை மூலையில் சாத்திவிட்டு, கழட்டி வெச்சா நின்னுடுதாம்மா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கிட்டயும் அப்படித்தான், அதனாலதான் நான் கழட்டறதே இல்ல என்றார். சட்டைக் கையை மேலே தள்ளினார், மணிக்கட்டில் வெயில் படாத வெளுத்த பட்டை ஒன்று வளையம் மாதிரி இருந்தது. நான் யோசிக்காமல், நீங்க இறந்துட்டதா சொன்னாங்களே என்று சொல்லித் தொலைத்தேன். எப்பவாம் என்று கேட்டார் அவர்.

தப்பு எங்கள் கடையுடையதுதான். யாராவது அப்பாவுடைய வாட்ச் என்று கொண்டுவந்தால் முதலாளி மேலே கேட்க மாட்டார், கை கூப்பி, வருத்தமா இருக்கு சார் என்று சொல்லி, ஒரு காப்பி வரவழைத்துக் கொடுப்பார், அது கடை வழக்கம். இவருடைய மகனுக்கும் அந்த மரியாதை நடந்திருக்கிறது. அவன் காப்பியைக் குடித்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறான். பெரியவர் அவனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நல்ல பையன்மா, தனி ரூம் குடுத்திருக்கான், நேரத்துக்குச் சாப்பாடு, விழுந்து கிழுந்து வெச்சா உடைஞ்சிடும்னு, உங்க கடையில ரிப்பேருக்குக் குடுக்கறேன்னு சொல்லி வாங்கிட்டுப் போனான், கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன் என்றார். மகன் கேட்கவில்லை. நான் கழற்றி அவர் கையில் வைத்தேன். காதில் வைத்துக் கேட்டார், கட்டிக்கொள்ளவில்லை. திருப்பிக் கொடுத்து, போட்டுக்குங்க, ஓடுறதப் பாத்துட்டுப் போறேன் என்றார். கட்டிக்காட்டினேன். கிளம்பும்போது, நான் வந்தது வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் டாக்டர் அதைச் சரிசெய்துவிட்டார், கல்யாண மாப்பிள்ளை ஒருவன் வாங்க வந்தான். கையில் கட்டிப் பார்த்து, யாருது சார் இது என்று ஆசையாகக் கேட்டான். முதலாளி குரலைத் தாழ்த்தி, ஒரு பெரிய மனுஷன், இப்ப இல்ல என்று ஆரம்பித்தார். நான் கவுண்டரிலிருந்து, அவரு நல்லாத்தான் இருக்காரு, பக்கத்துலதான் என்று சொல்லிவிட்டேன். முதலாளி என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். மாப்பிள்ளை முகம் சுருங்கிப்போயிற்று. செத்தவர் வாட்ச் என்றால் பெருமை, இருக்கிறவர் வாட்ச் என்றால் ஏதோ அவர் கையிலிருந்து பிடுங்கியது போல இருக்கும்போலிருக்கிறது. வாங்காமல் போகவில்லை, வாங்கிக்கொண்டுதான் போனான். அதிலிருந்து பெரியவரை மருந்துக்கடை வாசலில் காணவில்லை, நான்தான் தினம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உன் புரோக்கர் ஒரு புருஷன் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு வந்தார். மாடி வீட்டுக்காரியிடம் சாவி வாங்கித் தானே திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார், நான் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். குரல் கேட்டு, வந்தவர்களாயிற்றே என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்து, முன்னாடி இருந்தவங்க சுத்தமா வெச்சிருந்திருக்காங்க என்றாள். புரோக்கர், ஒரு அம்மா தனியா இருந்தாங்க, பையன் கூட்டிட்டுப் போயிட்டாரு என்றார். நான் கதவருகே டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன், கண்ணா. அவர்கள் என்னைக் கடந்து படுக்கையறைக்குப் போனார்கள், என் கட்டில் இருக்கிற இடத்தில் அவர்கள் கட்டில் கொள்ளுமா என்று பேசிக்கொண்டார்கள். வேலைக்காரி என்று நினைத்தார்களோ என்னவோ. சத்தம் போட வாயைத் திறந்தேன், வரவில்லை. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகமாகிவிட்டது, நான் இங்கே இருக்கிறேனா போய்விட்டேனா என்று. அந்த மாதிரி பயம் என் ஆயுசில் பட்டதில்லை. அப்புறம் டம்ளர்களை மேசையில் டங்கென்று வைத்தேன், மூன்று பேரும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்கள். நான்தான் அந்த அம்மா, வீடு விக்கிறதுக்கில்ல, தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க என்றேன். அந்தப் பெண் பாவம், இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாள். மாடி வீட்டுக்காரியிடமிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆகவே என் பதில், இப்போது வரவில்லை. குட்டி பிறந்தநாளுக்கு வருகிறேன், திரும்பி வருவதற்கும் சேர்த்து டிக்கெட் எடு. முடியாத நாள் வரும்போது நானே வாயைத் திறந்து சொல்வேன், அப்போது வந்து கூட்டிக்கொண்டு போ, நான் மறுக்கமாட்டேன். கோபமில்லை உன்மேல். மருமகளோடு சண்டை போடாதே, அவளுக்கு இதில் பங்கில்லை என்று தெரியும். வண்டி ஓட்டும்போது போன் பேசாதே. மூன்று பேரும் நூறு வயசு குறையில்லாமல் வாழ வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் புரோக்கருக்கு நீயே போன் செய்து சொல், அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று.

இப்படிக்கு,
இருக்கிற உன் அம்மா