மைக்கில் கேட்ட இருமல்

மார்ச் 4

இன்றும் இருமல். காலையில் முதல் பஸ்ஸை அறிவிக்கும்போதே தொண்டைக்குள் யாரோ இறகால் கிச்சுகிச்சு மூட்டுவது போல ஆரம்பித்துவிட்டது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. வெறும் வறட்டு இருமல். மைக்கை அணைத்து இருமி, மறுபடி போட்டுப் பேசி, மறுபடி அணைத்து — பஸ் நிலையத்தின் அறிவிப்பு அறை ஓர் அலமாரி அளவுதான். என் இருமல் சுவரில் மோதி எனக்கே திரும்பி வருகிறது.

பிரஷர் மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் பிடித்தது. டீசல் புகையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மார்ச் 7

வெந்நீர், தேன், சிரப். எதற்கும் மசியவில்லை.

மார்ச் 11

மேலாளர் என் அறைக்கு வந்து கதவருகிலேயே நின்றார். என்னைவிடச் சின்னவர். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. காலையில பாதியை நீங்க சொன்னீங்க, பாதியை இருமல் சொல்லுச்சு. ஜனங்க மேடை மாறிப் போய் நின்னுட்டாங்க. சரியாகற வரைக்கும் டிக்கெட் கவுண்டர்ல உக்காருங்களேன்."

கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்தது இந்தக் குரல் ஒன்றுதான். பாட்டுக்காரியா நான், அழுவதற்கு? இருந்தும் கண் நிறைந்தது. அழக்கூட முடியவில்லை, அதற்கும் இருமல்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். எந்த வீட்டு மோட்டார் நின்றாலும் இவரிடம் வரும். எந்த வீட்டு உடம்பு நின்றாலும் இவரே போய் யோசனை சொல்வார். "அந்த மாத்திரை உனக்குச் சூடு. நிறுத்திப் பாரு, தானா போயிடும்" என்றார்.

மார்ச் 12

நிறுத்திவிட்டேன்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். அந்த வரிசையில் அரை நாள் உட்காரத் தெம்பில்லை. அது மட்டும்தானா? இல்லை. இருமல் என்றால் என்ன பெயர் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மார்ச் 29

இருமல் போன இடம் தெரியவில்லை. மைக்கும் திரும்பி வந்துவிட்டது. இவர் முகத்தில் கோட்டையைப் பிடித்த களை. "நான் சொன்னேனா இல்லையா?" சொன்னீர்கள், சொன்னீர்கள்.

ஏப்ரல் 9

பின்மண்டையில் கனம். எழும்போதே ஒரு கல்லையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழுவது போல. தூக்கம் போதவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 15

கனம் குறையவில்லை. பஸ் ஹாரன் அடித்தால் பல் கூசுகிறது. சோறு போட்டுக்கொண்டே இவரிடம் சொன்னேன்.

"பிரஷர் ஏறியிருக்கும். என் மாத்திரையில ஒண்ணு போட்டுக்கோ. அதுல இருமல் கிருமல் எதுவும் வராது."

"உங்க மாத்திரை எனக்கு எப்படிங்க?"

"ரெண்டும் பிரஷர் மாத்திரைதானே? ஒரே பானைச் சோறுதானே தின்னுறோம்?"

சிரிப்பு வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 18

 இதை எழுதிவிட வேண்டும்.

நேற்றும் கனம் விடவில்லை. இவருடைய மாத்திரை ஒன்று, என் பழைய மாத்திரை ஒன்று, இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். புத்தி எங்கே போயிற்று? சீக்கிரம் இறங்கட்டும் என்ற அவசரம். அறிவித்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னலைச் சாத்தலாம் என்று சட்டென்று எழுந்தேன். கண் முன்னால் இருட்டு. அவ்வளவுதான் தெரியும்.

மைக் அணைக்கவில்லை. நான் விழுந்தது நிலையம் முழுக்கக் கேட்டிருக்கிறது. ஓடிவந்து தூக்கியவள் டிக்கெட் கவுண்டரில் உட்காரும் பெண். "மூன்றாவது மேடையிலிருந்துன்னு சொன்னீங்கக்கா, அடுத்தாப்ல தொம்முன்னு ஒரு சத்தம். மூணாவது மேடைதான் இடிஞ்சு விழுந்துடுச்சுன்னு ஜனங்க பெட்டியைத் தூக்கிட்டாங்க!" சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

புருவத்தில் தையல். மேசை முனை இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண்.

ஏப்ரல் 19

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். டாக்டரம்மா திட்டவில்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார்.

"இந்த மாத்திரை சில பேருக்கு வறட்டு இருமலைக் குடுக்கும்மா. புதுசா ஒண்ணும் இல்ல. நீங்க வந்து சொல்லியிருந்தா அன்னைக்கே வேற மாத்திக் குடுத்திருப்பேனே."

இவ்வளவுதானா? இதற்கா நான் ஊர் கேட்க விழுந்தேன்?

"நீங்களா நிறுத்தினதுல பிரஷர் ஏறிடுச்சு. அப்புறம் ரெண்டையும் சேர்த்துப் போட்டதுல ஒரேயடியா இறங்கிடுச்சு. அதான் எழுந்ததும் விழுந்துட்டீங்க. ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் போடவே கூடாதும்மா. அவருக்குக் குடுத்தது அவர் உடம்பைப் பாத்துக் குடுத்தது." பிறகு தலையைத் தூக்கி இவரிடம், "நீங்க கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க?"

இவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அங்கேயே கையில் பட்டை கட்டிப் பார்த்தார்கள். என்னுடையதைவிட அதிகம். பழைய சீட்டைக் காட்டியே வருஷக்கணக்கில் ஒரே மாத்திரையை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். இரண்டு பேருக்கும் புது மாத்திரை, தனித்தனி டப்பா. தினமும் ஒரே வேளையில் போட வேண்டும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. படுக்கையிலிருந்து மெதுவாக எழ வேண்டும். எது ஒத்துக்கொள்ளாவிட்டாலும் முதலில் வந்து சொல்ல வேண்டும்.

 வீட்டுப் படி ஏறும்போது இவர், "நான்தான் உன்னை விழ வெச்சுட்டேன்" என்றார்.

"வாயில போட்டுக்கிட்டது நான்தானேங்க."



மே 3

நேற்று மாத்திரையை மறந்தே போனேன். இன்று கை தானாக இரண்டை எடுத்தது. ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

மே 14

எத்தனை வருஷம் இப்படி? சாகும்வரை என்கிறார்கள். பல் விளக்குவதும் சாகும்வரைதான், அதற்கு யாரும் அலுத்துக்கொள்வதில்லை. இருந்தாலும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

மே 22

பிரஷர் இறங்கியிருக்கிறது. "இப்ப நல்லா இருக்குன்னு நிறுத்திடாதீங்க, மாத்திரை போடறதாலதான் நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. மைக்கில் நாள் முழுக்க ஒரு செருமல்கூட இல்லை. நிலையத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதுவே நல்லது.

ஜூன் 6

விடுமுறை. துணி துவைத்து உலர்த்திவிட்டு வந்தேன். இவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து செருப்போடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். வார் ஏறவில்லை. கணுக்கால் இரண்டும் உப்பியிருந்தன.

"எப்பலேருந்துங்க?"

"ரெண்டு மூணு நாளா. புது மாத்திரையாலதான் இருக்கும்னு தோணுது."

 நிறுத்திவிட்டாரோ? கேட்கவும் பயம். உள்ளே போய் டப்பாவைப் பார்த்தேன். இன்றைய மாத்திரை வரை போட்டிருந்தார்.

வெளியே வருவதற்குள் வாரைக் கழற்றி விட்டுவிட்டு, செருப்பை இழுத்தபடியே தெருவில் இறங்கியிருந்தார். எதிர்வீட்டுக்காரர் மோட்டார் விஷயமாகக் கூப்பிட்டார். இவர் நிற்கவில்லை.

"வந்து பாக்குறேன்பா. டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

கல்யாணமான நாளிலிருந்து இவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கப் போய் நான் பார்த்ததில்லை. தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன்.